குளிர் தாங்கும் கோழிகள்

கோழிகளை நான் இரண்டு வகையாகத்தான் அறிந்திருந்தேன். ஒன்று கறிக்கு, மற்றது முட்டைக்கு. குளிர் தாங்குவது, தாங்காதது என்று அவற்றில் இன்னொரு பிரிவும் இருக்கிறது, அதைப் படிப்பதற்காக அறுபது வயதில் நீ மூக்குக்கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு இருப்பாய் என்று யாராவது சொல்லியிருந்தால், அவரை என் பஸ்ஸிலிருந்து அடுத்த தரிப்பிலேயே இறக்கிவிட்டிருப்பேன். லண்டனில் இருபத்தெட்டு வருடமாகப் பஸ் ஓட்டுகிறவன் நான். பொறுமை எனக்குக் குறைவு. ஒரு விஷயத்தை இரண்டாம் தரம் சொல்ல வேண்டி வந்தால் குரல் தானாக உயர்ந்துவிடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோழி தேவைப்பட்டது எனக்கல்ல, என் மனைவிக்கு. அவள் தெற்கு லண்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் பதினேழு வருடம் வேலை செய்தவள். வெள்ளைக்காரக் கிழவிகளைக் குளிப்பாட்டி, தலைவாரி, சோறு தீத்திவிட்டு வருகிற வேலை. கொரோனா வந்த குளிர்காலத்தில் அவள் பார்த்துக்கொண்ட தளத்தில் இருந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். அதற்குப் பிறகும் ஏழெட்டு மாதம் அவள் வேலைக்குப் போய் வந்தாள். ஒரு திங்கட்கிழமை காலை அலாரம் அடித்தது. கையை நீட்டி அதை நிறுத்திவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அன்று படுத்தவள்தான்.

இரத்தம் சோதித்தார்கள், தைரொயிட் பார்த்தார்கள், தலையை ஸ்கேன் செய்தார்கள். ஒரு குறையும் இல்லை என்றார்கள். குளிசை தந்தார்கள். போனில் ஒருவர் அழைத்து, மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு மனசில் என்ன இருக்கிறது என்று கேட்டார். இவள் போனை வைத்துவிட்டாள். நான் மனோர் பார்க் முருகனுக்கு ஆறு வெள்ளிக்கிழமை அர்ச்சனை செய்தேன். அவள் பகல் ஒரு மணிக்கு மேல் எழும்புவாள், ஒரு தேத்தண்ணி குடிப்பாள், திரும்பப் போய்ப் படுப்பாள். சில நாள் எழும்புவதே இல்லை.

நான் என்ன செய்தேன் என்றால், ஏசினேன். அதைத்தான் செய்தேன். வேலை முடிந்து வந்து படுக்கையறைக் கதவில் நின்றுகொண்டு, "எழும்பும்" என்பேன். "உமக்கு இப்ப என்ன குறை? வீட்டுக் கடன் முடிஞ்சுது, பிள்ளை படிச்சு வேலையிலை இருக்கிறாள். நாள் முழுக்கப் படுத்தா நோயில்லாதவனுக்கும் நோய் வரும். எழும்பும்." அவள் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொள்வாள். லீட்ஸில் இருக்கிற மகள் போன் எடுத்தால் என் சத்தம் அவளுக்குக் கேட்டுவிடும். "அப்பா, ப்ளீஸ், அம்மாவோட ஷவுட் பண்ணாதைங்கோ" என்பாள். நான் கத்தவில்லை, கதைக்கிறேன் என்று அவளிடமும் கத்துவேன்.

இப்படி மூன்று வருடம் போனது. பிறகு ஒரு ஆனி மாதக் காலையில் எங்கள் வேலியைத் தாண்டி ஒரு கோழி வந்து விழுந்தது.

பின்வீட்டில் இருந்த ஆங்கிலேயக் கிழவருடைய மண்ணிறக் கோழி அது. அன்று எனக்கு லீவு. குசினியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அது எங்கள் கத்தரிக் கன்றைக் கிளறிக்கொண்டு நின்றது. துரத்தலாம் என்று கதவைத் திறக்கப் போனபோது, எனக்குப் பின்னால் படியில் காலடிச் சத்தம் கேட்டது. என் மனைவி இரவு உடுப்போடு இறங்கி வந்தாள். என்னை விலக்கிக்கொண்டு வெளியே போனாள். குந்தியிருந்து, ஒரு கையைத் தரையோடு நீட்டி, பதுங்கிப் பதுங்கிக் கிட்டப் போய், இரண்டு செட்டையையும் சேர்த்து ஒரே பிடியில் பிடித்தாள். கோழி ஒரு சத்தம்கூடப் போடவில்லை. அதை மார்போடு அணைத்துக்கொண்டு வேலிக்குப் போய், கிழவரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். அப்போது நேரம் காலை எட்டேகால்.

உள்ளே வந்து கையைக் கழுவிக்கொண்டே சொன்னாள். "நாங்களும் நாலு கோழி வாங்குவமே?"

மூன்று வருடத்தில் அவள் ஒன்றை வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தரம். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவளுக்குத் தெரியக் கூடாது என்று கேத்திலைப் போடுகிற சாட்டில் மறுபக்கம் திரும்பி நின்றேன்.

எனக்கு ஒன்று தெளிவாக விளங்கியது. கோழி இருந்தால் இவள் காலையில் எழும்புவாள். கோழியை விடியக் கூட்டிலிருந்து திறந்துவிட வேண்டும், தண்ணீர் வைக்க வேண்டும், அதை யாரும் ஒரு மணிக்குச் செய்ய முடியாது. ஆனால் அந்தக் கோழிகள் தையும் மாசியும் தாண்ட வேண்டும். குளிரில் அவை செத்து விழுந்தால் இவள் திரும்பிப் போய்ப் படுப்பாள், அதற்குப் பிறகு இவளை எழுப்ப என்னிடம் ஒன்றும் இல்லை. அதனால்தான் நான் அப்படிப் படித்தேன். ஏ லெவல் சோதனைக்குக்கூட நான் அப்படிப் படித்தவனில்லை.

பஸ் கடைசித் தரிப்பில் நிற்கிற பத்து நிமிட இடைவேளைகளில் போனை வைத்துக்கொண்டு பார்ப்பேன். ஒரு கொப்பி வாங்கிக் கோடு போட்டேன். கொண்டை, உடம்பு, இறகு, கால் என்று நாலு நிரல். முதலாவது கொண்டை. பெரிய, தொங்குகிற கொண்டை உள்ள இனம் வேண்டாம். அது வெயில் தேசத்துக் கோழிக்கு வேண்டியது. உடம்புச் சூட்டை அதன் வழியாகத்தான் வெளியே விடும். பனி விழுந்தால் முதலில் அந்தக் கொண்டையின் நுனிதான் உறைந்து கறுத்து உதிரும். தலையோடு ஒட்டிக்கொண்டு, கரடுமுரடாகப் படிந்து கிடக்கிற கொண்டைதான் குளிருக்கு நல்லது. இரண்டாவது உடம்பு. ஒல்லியாக, காலை எட்டி வைத்து ஓடுகிற கோழி சூட்டைச் சேர்த்து வைக்காது. கனத்த உடம்பும் அடர்ந்த உள்ளிறகும் வேண்டும்.

இந்தக் கணக்கில் நான் முதலில் தெரிவு செய்தது பிரமா என்கிற இனம். யானை மாதிரி ஒரு கோழி, காலெல்லாம் இறகு, பார்த்தால் ஒருவர் காலுக்கு மேசு போட்டுவிட்டது போல இருக்கும். ஒரு கிழமை அதிலேயே மயங்கிக் கிடந்தேன். பிறகுதான் ஒருவர் எழுதியிருந்ததைப் படித்தேன். கனடாவின் காய்ந்த பனிக்கு அது சரி. இங்கிலாந்தின் குளிர் ஈரக் குளிர். மழையும் சேறுமாகக் கிடக்கிற தோட்டத்தில் அந்தக் கால் இறகில் சேறு பிடித்து, அது உறைந்து, விரல் அழுகும். கொப்பியில் பிரமாவை வெட்டினேன். ஓர்பிங்டன் என்று ஒன்று, கொழுகொழுவென்று நல்ல வடிவு, ஆனால் நனைந்தால் காய நாளாகும், கொண்டையும் நிமிர்ந்தது. அதையும் வெட்டினேன். கடைசியில் வயண்டொட் என்கிற இனத்தில் வந்து நின்றேன். குளிரூரில் உருவான இனம். படிந்த கொண்டை, அடர்ந்த இறகு, இறகில்லாத மஞ்சள் கால். வெள்ளி இறகு ஒவ்வொன்றுக்கும் கறுப்பில் கரை கட்டியிருக்கும். நாலு நிரலிலும் அதற்குச் சரி போட்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

கோயிலில் ஒரு அண்ணையிடம் இதைச் சொன்னபோது, "கறிக்கு நல்லதோ?" என்று கேட்டார். எங்கட ஆக்களிடம் கோழி என்றால் வேறென்ன கேள்வி வரும்.

புரட்டாதியில் சரே பக்கம் ஒரு பண்ணைக்குப் போனோம். மனைவி காரில் முன்சீட்டில் இருந்தாள். சேலை இல்லை, ஆனால் தலை வாரி இழுத்து, பொட்டு வைத்திருந்தாள். பண்ணைக்காரி எங்கள் வயது ஆங்கிலேயப் பெண், முழங்கால் வரை பூட்ஸ், கைகள் வெடித்துப் போயிருந்தன. நான் கொப்பியை எடுத்து இனத்தின் பெயரைச் சொன்னதும் புருவத்தை உயர்த்திப் பார்த்துவிட்டு, நல்ல தெரிவு என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஆனால் என் மனைவி வேறொரு அடைப்பின் முன்னால் நின்றுவிட்டாள். அங்கே ஒல்லியான வெள்ளைக் கோழிகள். சிவப்புக் கொண்டை பெரிதாகச் சரிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு கிடந்தது. ஒரு கோழி தலையைச் சாய்த்து, மற்றக் கண்ணால் அவளைப் பார்த்தது. என் மனைவி சிரித்தாள். சத்தமாக இல்லை, ஆனால் சிரித்தாள்.

"இவ ஒற்றைக் கண்ணாலை என்னை விடுப்புப் பாக்கிறா, பாருங்கோ. இவவையும் எடுப்பமே?"

"அது லெக்ஹோர்ன். இத்தாலிக் கோழி. கொண்டை உறைஞ்சு போகும்" என்றேன். "ஒண்டு செத்தாலும் பிறகு நீர் தாங்கமாட்டீர்."

"ஒண்டே ஒண்டுதானே."

"ஏலாது எண்டா ஏலாது. நான் இதையெல்லாம் படிச்சுப் போட்டுத்தான் வந்தனான்."

"சரி. உங்கட விருப்பம்" என்றாள். அந்தச் சிரிப்பு அதோடு நின்றது. நாலு வயண்டொட்டுகளைப் பெட்டியில் அடைத்துக்கொண்டோம்.

பண்ணைக்காரி காரடிக்கு வந்து ஒரு விஷயம் சொன்னாள். இந்த இனம் குளிருக்குச் சாகாது, ஈரத்துக்குத்தான் சாகும் என்றாள். கூட்டின் கூரைக்குக் கீழே இருக்கிற காற்று வழிகளை எந்தக் குளிரிலும் அடைக்காதீர்கள், வெளியே பனி விழுந்தாலும் திறந்தே இருக்கட்டும், அவை தங்கள் இறகுக்குள்ளே சூடாக இருந்துகொள்ளும், ஆனால் அவை விடுகிற மூச்சு வெளியே போக வேண்டும். நான் தலையாட்டினேன். அவளுக்கு என் தலையாட்டலில் நம்பிக்கை வரவில்லை போலும், என் மனைவியைப் பார்த்து அதையே இன்னொரு தரம் மெதுவாகச் சொன்னாள். என் மனைவி நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆங்கிலம் விளங்கவில்லை என்று பண்ணைக்காரி நினைத்திருப்பாள். பதினேழு வருடம் ஆங்கிலேயருக்கு நடுவில் வேலை செய்தவளுக்கு அது நன்றாகவே விளங்கியது.

அதற்குப் பிறகு வந்த மூன்று மாதங்களைப் பற்றி எழுதினால் நம்புவதற்குக் கடினமாக இருக்கும். முதல் நாள் காலை ஏழு மணிக்கு அவள் எழும்பினாள். இரண்டாம் நாளும் எழும்பினாள். நான் விடியற்காலை ஷிப்டுக்குப் போனால் ஏழரைக்கு எனக்குப் போனில் ஒரு படம் வரும்: கூட்டு வாசலில் நாலு கோழி. ஐப்பசியில் முதல் முட்டை வந்தது, சின்னதாக, மங்கலான மண்ணிறத்தில். அதை அவள் ஒரு நாள் முழுக்கச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தாள். பக்கத்து வீடுகளுக்கு முட்டை கொடுத்தாள். கோழிகளை அரசாங்கத்தில் பதிய வேண்டும் என்று மகள் சொன்னபோது அந்தப் படிவத்தைத் தானே போனில் நிரப்பினாள். இரண்டு தரம் என்னோடு கோயிலுக்கு வந்தாள். ஒரு நாள் சமைத்துவிட்டு, "உப்புக் காணுமே?" என்று கேட்டாள். இவ்வளவுதான். வெளியே இருந்து பார்க்கிறவருக்கு இதில் ஒன்றும் இல்லை. எனக்கு மனைவி திரும்பி வந்திருந்தாள்.

அதனால்தான் தை மாதம் எனக்கு அவ்வளவு பயமாக இருந்தது.

குளிர் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொடங்கியது. சும்மா குளிர் இல்லை, கார்க் கண்ணாடியைச் சுரண்டச் சுரண்டத் திரும்ப உறைகிற குளிர். கோழிகளின் தண்ணீர்க் கிண்ணம் கல்லாகிக் கிடந்தது. வானிலைச் செய்தியில் இன்னும் இரண்டு கிழமைக்கு இப்படித்தான் என்றார்கள். நாலு கோழிகளும் இறகைச் சிலிர்த்துப் பந்தாகிக்கொண்டு, ஒற்றைக் காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு நின்றன. அவை சூட்டைச் சேமிக்கிற விதம் அது என்று என் கொப்பியிலேயே எழுதியிருந்தது. எனக்கு அவை நடுங்குவதாகத்தான் தெரிந்தது.

நான் இந்த நாட்டுக்கு ஒரு கார்த்திகை மாதம் வந்தவன். பருத்திச் சட்டையும் கொழும்பில் வாங்கின மெல்லிய ஜாக்கெட்டும். குரோய்டனில் அகதி விண்ணப்பம் கொடுக்கிற அந்தப் பெரிய கந்தோருக்கு வெளியே விடியமுன்பே வரிசையில் நின்று கால் விரல்கள் எனக்குச் சொந்தமில்லாமல் போனவன். அந்தக் குளிர் எங்கட ஆக்களின் உடம்பை விட்டுப் போவதே இல்லை. ஐப்பசியில் யன்னல்களைச் சாத்தினால் சித்திரையில்தான் திறப்போம். யன்னல் இடுக்குகளுக்குப் பேப்பர் செருகுவோம், கதவுக்குக் கீழே துவாய் வைப்போம், அதற்குள்ளே சோறு அவிப்போம், உடுப்புக் காயப் போடுவோம். சுவரில் கறுப்புப் பூஞ்சணம் பிடித்தால் பெயின்ற் அடிப்போம். எந்தத் தமிழ் வீட்டு அலுமாரியை இழுத்துப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் அந்தக் கறுப்பு இருக்கும். குளிர் வெளியே நிற்க வேண்டும், நாங்கள் உள்ளே இருக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

திங்கட்கிழமை மத்தியானம் வேலையால் வந்ததும், மனைவி கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கூட்டின் காற்று வழிகள் எல்லாவற்றையும் தடித்த டேப்பால் ஒட்டினேன். பிறகு கூட்டைச் சுற்றி ஒரு பழைய குயில்ற்றைப் போர்த்தினேன். அது நனையாமல் இருக்க மேலே பொலித்தீன் விரித்து, அடியில் செங்கல் வைத்து இறுக்கினேன். கோழி போய்வருகிற சின்னக் கதவை மட்டும் விட்டேன், அதற்கும் ஒரு கம்பளித் துண்டு தொங்கவிட்டேன். செய்து முடித்து எட்டி நின்று பார்த்தபோது, ஒரு பிள்ளையைப் போர்த்துப் படுக்க வைத்த திருப்தி எனக்கு.

மனைவி வந்து பார்த்தாள். "அந்தப் பண்ணை மனுசி காத்து வழியைப் பூட்ட வேண்டாம் எண்டெல்லோ சொன்னவ" என்றாள்.

"அவ சாதாரணக் குளிருக்குச் சொன்னவ. இது சாதாரணக் குளிரே? அதுகள் நடுங்கிறது உமக்குத் தெரியேல்லையே?"

அவள் பொலித்தீனை உயர்த்தி, ஒரு டேப்பின் நுனியில் விரலை வைத்தாள். உரிக்கப் போகிறாள் என்று நினைத்து, "விடும்" என்றேன். என் குரல் உயர்ந்திருந்தது. அவள் விரலை எடுத்துக்கொண்டாள். முகம் ஒரு மாதிரிப் போனது. குளிரில் நிற்கிறாள், அதனால்தான் என்று நான் எண்ணினேன். "நீங்கள் சொல்லுறது சரிதான். குளிரும்தான்" என்றுவிட்டு உள்ளே போனாள்.

ஐந்தாம் நாள் ஒரு கோழி கண்ணை மூடிக்கொண்டு நின்றது. மூச்சு விடும்போது உள்ளே சின்னதாகக் கரகரத்தது. கூட்டுக்குள் தலையை நீட்டினேன். கூரையின் உட்பக்கமெல்லாம் நீர்த்துளி. எச்சத்தின் நெடி கண்ணைக் கரித்தது. வைக்கோல் தொட்டால் ஈரம். அப்போதே எல்லாவற்றையும் பிய்த்து எறிந்திருக்க வேண்டும். ஆனால் அன்று மைனஸ் ஆறு. இந்தக் குளிரில் திறந்துவிட்டால் நோய்க் கோழி அந்தக் கணமே செத்துவிடும் என்று எனக்குப் பட்டது. ஈர வைக்கோலை அள்ளிவிட்டுப் புது வைக்கோல் போட்டேன். அன்றிலிருந்து படுக்கப் போகுமுன் இரண்டு சுடுதண்ணிப் பைகளையும் உள்ளே வைக்கத் தொடங்கினேன். இன்றைக்கு நினைத்தால் என் கையை நானே அடிக்க வேண்டும் போல இருக்கிறது.

ஒன்பதாம் நாள் எனக்கு விடியற்காலை ஷிப்ட். ஏழரைக்குப் படம் வரவில்லை. எட்டு மணிக்கும் வரவில்லை. தரிப்பில் நிற்கும்போது அழைத்தேன்; அவள் எடுக்கவில்லை. வேலையை இடையில் விட்டுவிட்டு வர எனக்குத் துணிவில்லை. அதுவும் ஒரு சாட்டுத்தான், என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரிந்திருந்தது. இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்தேன்.

அவள் குசினிக் கதிரையில் இருந்தாள். இரவு உடுப்புக்கு மேல் என் குளிர்க்கோட்டு. காலில் கூட்டின் ஈர வைக்கோல் ஒட்டிக் கிடந்தது. தரையில் பேப்பர் விரித்து, மூன்று கோழிகளையும் வரிசையாகக் கிடத்தியிருந்தாள். வெள்ளி இறகுகள் ஈரத்தில் ஒட்டிக் கிடந்தன. நாலாவது ஒரு மீன் பெட்டிக்குள் பழந்துணியில் இருந்துகொண்டு வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. பின்கதவு விரியத் திறந்து கிடந்தது. குசினியும் வெளியும் ஒரே குளிர்.

எனக்கு முதலில் வந்தது கோபம். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் வந்தது.

"அந்தப் பொம்பிளை எங்களை ஏமாத்திப்போட்டாள்" என்றேன். "நல்ல இனம் எண்டு சொல்லி நோய்க் கோழியைத் தந்திருக்கிறாள். இனம் பிழை. நான்தான் பிழையான இனத்தை எடுத்துப் போட்டன்."

"இனம் பிழையில்லை" என்றாள். சத்தமில்லாத குரல். "நீங்கள் சரியாத்தான் பாத்து எடுத்தனீங்கள்."

நான் பின்கதவைச் சாத்தப் போனேன். "பூட்டாதைங்கோ" என்றாள். கையைக் கதவிலிருந்து எடுத்தேன்.

"நீங்கள் ஏன் கூட்டைப் பூட்டினனீங்கள்?"

"இதென்ன கேள்வி? அதுகளுக்குக் குளிரும் எண்டுதான்."

"நானும் அதுக்குத்தான் பூட்டினனான்."

எதை என்று கேட்டேன். அவள் கோழிகளைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். இத்தனை வருடத்தில் அவள் ஒரே மூச்சில் அவ்வளவு கதைத்ததை நான் கேட்டதில்லை. இல்லத்தில் அவளுடைய தளத்தில் ஒரு சின்ன இருப்பறை. மூன்று கிழவிகள் எப்போதும் அதில் சேர்ந்து இருப்பார்கள், தனியே விட்டால் அழுவார்கள். அந்தக் கொரோனாக் குளிர்காலத்தில் மேலிடத்திலிருந்து சொல்லியிருந்தார்கள், யன்னலைத் திறந்தே வைக்க வேண்டும், காற்று ஓட வேண்டும் என்று. கூட்டம் வைத்தும் சொன்னார்கள், சுவரில் எழுதியும் ஒட்டினார்கள்.

"அவைக்குக் கை நீலம் பாரிச்சுப் போச்சு. ஒராள் என்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, குளிருது பிள்ளை, குளிருது பிள்ளை எண்டு. எனக்குப் பாக்க ஏலாமப் போச்சு. மற்ற வேலையாக்கள் அங்காலை போன பிறகு நான் யன்னலைப் பூட்டிப்போட்டன். ஒரு நாளில்லை. ஒவ்வொரு நாளும் பூட்டினனான். மனேஜர் வர முன்னம் திறந்துவிடுவன். பிறகு பூட்டுவன். போர்வையும் போர்த்து, தேத்தண்ணியும் குடுப்பன். நல்லாச் சிரிப்பினம். ரெண்டு கிழமைக்குள்ளை மூண்டு பேரும் போச்சினம்."

வெளியே யாரோ குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. அவள் தொடர்ந்தாள்.

"ஒருத்தரும் என்னை ஒண்டும் கேக்கேல்லை. எங்களை மாதிரி வேலையாக்களுக்கெண்டு சனங்கள் ரோட்டிலை நிண்டு கைதட்டினவை. எனக்கு ஒரு சேட்டிபிக்கட்டும் தந்தவை. அண்டைக்கு அந்த டேப்பிலை கை வைச்சனான். நீங்கள் விடும் எண்டு சொன்ன உடனை, எது சரி எண்டு எனக்கே தெரியாமப் போச்சு. குளிரிலை நடுங்கிறதைப் பூட்டிப் போர்த்தக் கூடாது எண்டு யார்தான் நினைப்பினம்?"

நான் அவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்தேன். அதனால் இல்லை, அந்தக் காலத்தில் யன்னல் திறந்திருந்த இடங்களிலும் எத்தனையோ பேர் செத்தார்கள், நீர் பூட்டாவிட்டாலும் அவர்கள் போயிருப்பார்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எனக்கும் அவளுக்கும் நடுவில் அந்த மூன்று கோழிகளும் கிடந்தன. அவற்றை அந்த நிலைக்குக் கொண்டுவந்தவன் நான். என்ன சொன்னாலும் அவள் அவற்றைத்தான் பார்ப்பாள்.

"இதுகள் பூட்டினதாலைதானே செத்தது?" என்று கேட்டாள்.

அவள் கண் என் முகத்தை விட்டு அசையவில்லை. இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். இருபத்தெட்டு வருடமாகப் பயணிகளுக்கு ஆயிரம் பொய் சொன்னவன் நான். இந்தா அடுத்த பஸ் வருகிறது, பின்னால் இடம் இருக்கிறது என்று. அன்றைக்கு எனக்கு ஒன்றுகூட வரவில்லை.

"ஓம்" என்றேன்.

அவள் தலையாட்டினாள். எழும்பி, மீன் பெட்டிக்குள் இருந்த கோழியின் துணியைச் சரிசெய்தாள். மாடிக்குப் போனாள். படுக்கையறைக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் மூன்றையும் கத்தரிப் பாத்திக்குப் பக்கத்தில் புதைக்கப் பார்த்தேன். மண் உறைந்து மண்வெட்டி இறங்கவில்லை. கேத்திலில் தண்ணீர் கொதிக்க வைத்து ஊற்றி ஊற்றி வெட்டினேன்.

மறுநாள் வேலைக்கு லீவு சொன்னேன். ஏழு மணிக்குப் பெட்டிக் கோழிக்குத் தண்ணீர் வைத்தது நான். அது உயிரோடு இருந்தது. மேலே போய்ப் படுக்கையறைக் கதவைத் திறந்தேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். நித்திரை இல்லை என்று தெரிந்தது. இத்தனை வருடமாக அந்தக் கதவில் நின்று நான் அவளை எழும்பச் சொல்லியிருக்கிறேன். ஏன் படுத்திருக்கிறீர் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. இப்போது கேட்காமலே தெரிந்திருந்தது. நான் போய்க் கட்டிலின் விளிம்பில் இருந்தேன்.